நாலாம் பக்கத்துப் பொத்தான்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, பயப்படும்படி இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னது உனக்குத்தான், பக்கத்து வீட்டுக்காரிக்கு இல்லை. பாப்பாவுக்குப் போன மாதம் வந்த சளி விட்டதா?

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. புதுச் சாமான், எண் ரயில். ஓர் இன்ஜின், ஐந்து பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். வழக்கம்போலப் பாப்பாவிடம் கொடுத்து, எது உடைந்தது, எது உரிந்தது, எதைக் கடித்தாள் என்று எழுதி அனுப்பு. பட்டறையில் கடைசல்காரர் இப்போதே, "பாப்பாகிட்டேருந்து பதில் வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அவள் கைபட்டுத் தேறாமல் இந்த நாற்பது வருடத்தில் நாம் ஒரு கிலுகிலுப்பையைக்கூடக் கடைக்கு அனுப்பியதில்லை.

ஆமாம், நாற்பது வருடம்! வருகிற ஆகஸ்டில் நம் மரப்பொம்மைக் கம்பெனி 'சின்னக்கை'க்கு நாற்பது முடிகிறது. பெரிய மண்டபம் பிடித்து விழா எடுக்கவேண்டும் என்று என் மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். கம்பெனியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடவும் ஏற்பாடு செய்திருக்கிறான். அதற்கென்று ஒரு விளம்பரக்காரரை அமர்த்தியிருக்கிறோம். கெட்டிக்கார ஆள். இரண்டே நாளில் முதல் பக்கத்தை எழுதிவிட்டார். பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு உன் அபிப்பிராயத்தை எழுது.

பாப்பாவின் கன்னத்தில் மாமாவுக்காக ஒரு முத்தம் கொடு.

உன் தம்பி

---

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் பெட்டியும் வந்து சேர்ந்தன. முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. பாப்பாவுக்குச் சளி விட்டது. சர்க்கரை ஏறி இறங்குகிறது என்று ஏதோ ஊஞ்சல் மாதிரி எழுதாதே, மாத்திரையை நேரத்துக்குப் போடு.

முதலில் ரயில். தேறவில்லை. மூன்றாம் நாள் பாப்பா கடைசிப் பெட்டியின் சக்கரத்தைத் திருகியே கழற்றிவிட்டாள். உள்ளே அச்சாணி ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கிறது. முனையில் பிசிறு வேறு. உப்புத்தாள் என்று ஒன்று இருப்பதைப் பட்டறையில் எல்லோரும் மறந்துவிட்டீர்களா? மஞ்சள் சாயம் நல்லது. ஒரு வாரம் வாயில் வைத்திருந்தும் நாக்கில் ஒட்டவில்லை.

இனி உன் முதல் பக்கம். அதை நாலு முறை படித்தேன். உனக்கு மறந்திருந்தால் என்ன செய்வது என்று கீழே எழுதுகிறேன்:

"ஒரு மழைநாள். அழுகையை நிறுத்தாத தன் கைக்குழந்தையின் முன் அமர்ந்த அந்த இளம் தந்தை, கைக்குக் கிடைத்த மரத்துண்டைக் கடைந்து ஏழு வளையங்களை உருவாக்கினார். அழுகை நின்றது. 'சின்னக்கை' பிறந்தது."

உன் மகனுக்கு இப்போது முப்பத்துநாலு வயது. கம்பெனிக்கு நாற்பது. பிறக்காத பிள்ளையின் அழுகையை நிறுத்தியிருக்கிறாய், பெரிய ஆள்தான். அப்போது உனக்குக் கல்யாணமே ஆகவில்லையடா. யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

அந்த ஏழு வளையத்தையும் பாலர் பள்ளியின் வருகைப் பதிவேட்டுப் பின்னட்டையில் வரைந்தவள் நான். அங்கே டீச்சராக இருந்ததும் நான். நீ அப்போதுதான் கடைசல்காரரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தாய். நான் வரைந்ததை நீ கடைந்தாய். நன்றாகவே கடைந்தாய், அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது என் பாப்பாவுக்காகச் செய்தது. அந்த மதியத்துக்குப் பிறகு மூன்று மாதம் கையையே மூடத் தெரியாமல் கிடந்தாளே, அந்த வளையங்களைப் பிடித்துப் பிடித்துத்தானே அவள் விரல் மடங்கியது? மடங்கிய அன்றைக்குத்தானே அவள் கையைப் பலகையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன்? இன்றைக்கு ஒவ்வொரு பெட்டியின் மேலும் இருக்கிறதே, அந்தக் கை யாருடையது?

புத்தகத்தில் பாப்பாவுக்கு ஒரு பக்கம் வேண்டும். எனக்கு ஒரு வரிகூட வேண்டாம். அவளுக்கு ஒரு பக்கம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

---

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கணும். பட்டறையில் வேலை முதுகை ஒடிக்கிறது. உன் உடம்பும் பாப்பாவின் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். நீ சொன்னபடி மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன்.

அச்சாணியை உள்ளே இழுத்து, மேலே மரமூடி போட்டாகிவிட்டது. திருத்திய ரயிலும் கூடவே ஒரு புது மத்தளமும் இந்தத் தடவைப் பெட்டியில் இருக்கின்றன. பாப்பா எத்தனை அடி அடித்தாலும் தாங்கும் என்று கடைசல்காரர் சவால் விடுகிறார்.

புத்தக விஷயத்தை நீ ரொம்பப் பெரிதுபடுத்துகிறாய் என்று தோன்றுகிறது. என் மகன் அப்போது பிறக்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா? விளம்பரக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "பிராண்டுக்கு ஒரு அப்பா, ஒரு குழந்தை போதும் சார். அக்கா, அக்கா பொண்ணுன்னு போனா ஜனங்களுக்குக் குழம்பிடும்" என்றார். அந்தத் துறையில் ஊறிய மனிதர். நாம் மரத்தைப் பற்றிச் சொன்னால் அவர் கேட்கிறார், அவர் எழுத்தைப் பற்றிச் சொன்னால் நாம் கேட்கத்தானே வேண்டும்?

உன் மனம் கோணக்கூடாது என்று கடைசிப் பக்கத்தில் 'குடும்பத்தாரின் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அதில் நீயும் பாப்பாவும் அடங்கிவிட்டீர்கள்.

பாப்பாவுக்கு முத்தம்.

தம்பி

---

பிப்ரவரி 20

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

அடங்கிவிட்டோமா? நாற்பது வருடம் அடங்கித்தானே இருந்தோம். இப்போது ஒரு வரிக்குள்ளும் அடங்கச் சொல்கிறாயா?

உன் மாமனார் ஒரு முறை பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவரும் குடும்பத்தார்தான். அவருக்கும் அந்த வரியில் இடம் இருக்கிறது. என் பெண்ணுக்கும் அதே இடமா?

சுற்றி வளைக்காதே. ஜனங்களுக்குக் குழம்பிவிடும் என்பதெல்லாம் உன் விளம்பரக்காரரின் வாய். எனக்கு உன் வாயால் பதில் வேண்டும். பாப்பா ஏன் கூடாது? இந்த ஒரே கேள்விக்குப் பதில் எழுது. போனில் கூப்பிடாதே. போனில் கேட்டால் உடனே உனக்குச் சிக்னல் போய்விடும்.

அக்கா

---

மார்ச் 28

தம்பிக்கு,

நான் எழுதி ஐந்து வாரம் ஆகிவிட்டது. தபால்காரர் மேல் பழியைப் போடாதே, மின்சாரக் கட்டணச் சீட்டு ஒழுங்காகத்தான் வருகிறது. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று கடைசல்காரரிடம் போனில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கையெழுத்துப் போடுகிற கை நன்றாகத்தான் இருக்கிறதாம்.

நீ அனுப்பிய பெட்டியை நான் இன்னும் பிரிக்கவில்லை. வாசல் அறையில் நாற்காலிக்குக் கீழே கிடக்கிறது. காலையில் எழுந்ததும் பாப்பா அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மேல் அட்டையைத் தட்டித் தட்டி, "மாமா, மாமா" என்கிறாள். அவளுக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு வார்த்தையில் அது ஒன்று. நீ பதில் எழுதாமல் அதைப் பிரிப்பதாக இல்லை. அவள் அழுதால் அழட்டும், நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். எங்களுக்கு அது புதிதில்லை.

பாப்பா ஏன் கூடாது?

அக்கா

---

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் என் மேஜை மேல்தான் இருந்தன. எப்படி எழுதுவது என்று தெரியாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். நீ கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படாதே.

உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்றே விளம்பரக்காரரிடம் பாப்பாவைப் பற்றிச் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, "சூப்பர் சார்! அந்தக் குழந்தை இப்ப என்ன பண்றாங்க? டாக்டரா, இன்ஜினியரா?" என்று கேட்டார்.

வீட்டில் இருக்கிறாள் என்றேன். எண்ண வராது, பேச்சும் அதிகம் இல்லை, அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சார், பெட்டி மேல என்ன போட்டிருக்கோம்? 'விளையாடும்போதே எண்ணக் கற்றுத்தரும்'. நாப்பது வருஷமா நம்ம பொம்மையை வச்சு விளையாடறவங்களுக்கே எண்ணத் தெரியாதுன்னா, எந்த அம்மா சார் கடையில வாங்குவா?"

என் மகனும் பக்கத்தில்தான் இருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அக்கா, நூற்றுப் பத்துப் பேர் இந்தக் கம்பெனியை நம்பியிருக்கிறார்கள். என் நிலையில் நீ இருந்தால் என்ன செய்வாய்?

பெட்டியைப் பிரித்துக் கொடு. குழந்தையை ஏங்கவிடாதே.

தம்பி

---

ஏப்ரல் 15

தம்பிக்கு,

பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. நீ கேட்டதற்காக இல்லை. வாயைத் திறந்து ஓர் உண்மை சொன்னாய், அதற்காக. அந்த உண்மையைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் பேனாவை மூடினாராம். நீ வாயை மூடினாயாம். உன் மகன் ஏற்கெனவே மூடித்தான் வைத்திருந்தானாம். மூன்று ஆம்பளைகள் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, எண்ணத் தெரியாத ஒருத்திக்குப் பயந்திருக்கிறீர்கள்.

எண்ணத் தெரியாதவள் என்ன செய்தாள் என்று நான் சொல்கிறேன், எழுதிக்கொள். 'சின்னக்கை' வாத்துக்கு ஏன் மூக்கு மொட்டையாக இருக்கிறது? முதல் வாத்தின் கூர்மூக்கு பாப்பாவின் உதட்டைக் கிழித்தது. இரண்டு தையல். தழும்பு இன்னும் இருக்கிறது, வந்து பார். சிவப்புச் சாயத்தை ஏன் மாற்றினாய்? ஒரே நாளில் அவள் நாக்கும் பல்லும் சிவந்துபோனதை நான் எழுதினேன். கட்டைகளின் மூலையை ஏன் எல்லாப் பக்கமும் உருட்டுகிறீர்கள்? அவள் அவற்றின் மேலேயே படுத்துத் தூங்குவாள், காலையில் விலாவில் தடம் இருக்கும். உன்னிடம் இத்தனை வருடம் நான் அனுப்பிய கடிதங்கள் இருக்கிறதே, அவை என்ன? என் முழங்கால் புராணமா? ஒவ்வொன்றும் அவள் பார்த்த வேலை. கடைசல்காரருக்கு அடுத்தபடி அந்தக் கம்பெனியில் மூத்த ஆள் அவள்தான். அவர்கூட இடையில் இரண்டு வருடம் வேறு இடத்துக்குப் போய் வந்தார். இவள் ஒரு நாள் லீவு போடவில்லை.

அவளைப் பரிதாபமாகக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. வேலை பார்த்தவள் என்று போடு. 'எங்கள் பொம்மைகளை நாற்பது வருடமாகச் சோதித்துத் தருபவர்' என்று போடு, போதும். அந்த மதியத்தைப் பற்றி ஓர் எழுத்து வேண்டாம். அதை நான் எப்போதும் உன்னிடம் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. அது உனக்குத் தெரியும்.

மத்தளம் தேறியது. கடைசல்காரரிடம் சொல், அவர் ஜெயித்தார், எங்கள் காதுதான் தோற்றது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைச் சந்தோஷமாக எழுதுகிறேன். முதலில் உன் முழங்காலுக்கு ஒரு நல்ல செய்தி: விழாவுக்கு வர உனக்கும் பாப்பாவுக்கும் வண்டி ஏற்பாடு செய்யப்போகிறேன், பஸ்ஸில் இடிபட வேண்டாம்.

இரண்டாவது, நீ ஜெயித்துவிட்டாய். நாலாம் பக்கம் முழுவதும் பாப்பாவுக்குத்தான்! உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விளம்பரக்காரரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன், அவள் இல்லாமல் புத்தகம் இல்லை என்று. அவரும் யோசித்தார். முன்பு பேசிக்கொண்டிருந்தபோது நம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை என் மகன் அவரிடம் சொல்லியிருக்கிறான் போல. அதை வைத்துக்கொண்டு மனுஷன் உருக்கமாக எழுதிவிட்டார். எழுதும்போதே கண் கலங்கியதாம்.

மூவாயிரம் பிரதி அச்சாகிவிட்டது. முதல் பிரதி உனக்கு. பார்த்துவிட்டு எழுது. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைக்கிறேன்.

உன் தம்பி

---

ஜூன் 8

தம்பிக்கு,

சுகமா என்று நீ கேட்கவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

நாலாம் பக்கத்தைப் படித்தேன். நீயும் படித்திருப்பாய், அச்சுக்குப் போகும் முன்பே. இருந்தாலும் என் கையால் ஒரு முறை எழுதுகிறேன், உன் கண்ணால் இன்னொரு முறை படி:

"நிறுவனரின் சகோதரி ஒரு கணம் கவனம் தவறினார். அவரது உடையிலிருந்து அவிழ்ந்து விழுந்த ஒரு பொத்தான், அவரது இரண்டரை வயது மகளின் தொண்டையில் சிக்கியது. குழந்தையின் உயிர் பிழைத்தது, அறிவு பிழைக்கவில்லை. அந்தத் துயரத்தைக் கண்ட இளம் நிறுவனர் அன்றே உறுதி பூண்டார்: குழந்தையின் மூடிய கையைவிடச் சிறிய எந்தத் துண்டும் எங்கள் பொம்மைகளில் இருக்காது. இன்றுவரை அந்த விதி மீறப்படவில்லை."

நான் கவனம் தவறினேனா?

உறுதி பூண்டாயா? நீயா?

நாற்பது வருடமாக என் வாயிலிருந்து வராததை இன்று எழுதுகிறேன். பொத்தான் எதுவும் இல்லை. அது மரக்குண்டு. நீ கடைந்த மரக்குண்டு. கோலிக்குண்டு அளவு. வளையங்கள் ஏழு போதும், உச்சியில் எதுவும் வேண்டாம் என்று நான் சொன்னேன். "கோபுரம்னா உச்சி வேணும்க்கா, மொட்டையா இருந்தா யார் வாங்குவா?" என்று நீ சொன்னாய். என் வரைபடத்தில் இல்லாததை நீயாகச் செய்து, வளையங்கள் கோக்கும் தண்டின் உச்சியில் பசை போட்டு ஒட்டி, அன்று காலை எடுத்துக்கொண்டு வந்தாய். பசை காய்ந்துவிட்டதா என்று இரண்டு முறை கேட்டேன். "காய்ஞ்சிடுச்சுக்கா, பல்லால கடிச்சாலும் வராது" என்றாய். அதன் பிறகுதான் பாப்பாவின் கையில் கொடுத்தேன். கொடியில் துணி போடத் திரும்பினேன். நாலு துணி போட்டிருப்பேன்.

தொண்டைக்குள் விரலை விட்டு அதை எடுத்தவள் நான். எடுப்பதற்குள் அவள் நீலமாகிவிட்டாள். வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவளை மடியில் போட்டுக்கொண்டு நான் மூச்சு ஊதிக்கொண்டிருந்தேன். நீ எதிரில் உட்கார்ந்து ஒன்று கேட்டாய். பாப்பாவைப் பற்றி இல்லை. "என்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களாக்கா?" என்று கேட்டாய். உனக்கு இருபத்துமூன்று வயது. அப்பா இல்லாமல் நான் வளர்த்த பிள்ளை. அந்த இடத்திலேயே என் மேல்சட்டைப் பொத்தானைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டேன். குழந்தை என்ன விழுங்கியது என்று டாக்டர் கேட்டார், கையை விரித்துக் காட்டினேன். நீ பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தாய்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர், "ஒரு பொத்தானைப் பாத்துக்கத் தெரியாதவ கையில பிள்ளையை எப்படி விடறது?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டார். நீ அப்போதும் பார்த்துக்கொண்டுதான் நின்றாய். அப்படிக் கேட்டவர் அடுத்த வருடம் என்னை விட்டுப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, அது வேறு கதை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு நான் போனால் சின்னக் குழந்தைகளை உள்ளே தூக்கிக்கொண்டு போவார்கள். எத்தனை வருடம்! பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தம்பி பிழைத்துக்கொண்டான், பட்டறை வளர்ந்தது, பத்துப் பேர் சாப்பிடுகிறார்கள் என்று இருந்தேன்.

அந்த விதியை யார் எழுதியது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள், பாப்பாவின் விரல்களை நானே மடக்கி, அந்த மூடிய கையை அளந்து, இதைவிடச் சிறியது எதுவும் இனிமேல் உன் பட்டறையில் கடையக்கூடாது என்று நான் உன்னிடம் சத்தியம் வாங்கினேன். நீ பூண்ட உறுதியா அது? நான் உன் கழுத்தைப் பிடித்து வாங்கியது.

அன்று காலைவரை பாப்பாவுக்கு இருநூற்றுப் பதினான்கு வார்த்தை தெரியும். ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 'அறிவு பிழைக்கவில்லை' என்று எழுதிய அந்த ஆளின் கண் கலங்கியதாமே, என் வயிறு எரிகிறது. உன்னைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்யை எடுத்துத் துடைத்து மெருகு போட்டு நீ உனக்கு மாலையாகப் போட்டுக்கொண்டாய். உனக்குக் கூசவில்லையா?

அந்தப் பக்கம் வெளியே போகக்கூடாது. விழாவில் எல்லோர் முன்னாலும் நடந்ததை நடந்தபடி நீ சொல்லவேண்டும். எனக்காக இல்லை என்று பெருந்தன்மையாக எழுத நினைத்தேன். எனக்காகவும்தான். எனக்கு இப்போது எழுபது வயது. கவனம் தவறியவளாகச் சாக எனக்கு விருப்பமில்லை.

அக்கா

---

ஜூலை 21

பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. அம்மாவைப் படித்துக் காட்டச் சொல். அம்மாவுக்கு எழுத எனக்கு முகமில்லை. ஆறு வாரமாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன்.

அம்மா எழுதியது எல்லாம் நிஜம். அந்தக் குண்டைக் கடைந்தது மாமா. வேண்டாம் என்று அம்மா சொல்லியும் கேட்காமல் ஒட்டியது மாமா. முந்தின நாள்தான் ஒட்டினேன். ஈரக் காலம். இரண்டு நாள் ஆகும் என்று கடைசல்காரர் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை, நீ அதைப் பார்த்துக் கை தட்டுவதை உடனே பார்க்கணும் என்று இருந்தது. காய்ந்துவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். உன் அம்மா பொத்தானைப் பிய்த்தபோது தடுக்கவில்லை. உன் அப்பா திட்டியபோது வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று இருந்தேன். அப்புறம் அந்தப் பொத்தான் கதையை எனக்கே பாதி நம்ப வந்துவிட்டது. அதைப் புத்தகத்தில் படித்தபோது தப்பாகத் தோன்றவில்லை, பாப்பா. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

மாமாவை மன்னித்துவிடு. உன்னிடம் சொன்னபிறகுதான் மனசு கொஞ்சம் லேசாகிறது.

புத்தகம் அச்சாகிவிட்டது. அழைப்பிதழோடு பாதிப் பேருக்குப் போய்விட்டது. இனி அதை ஒன்றும் செய்ய முடியாது என்று அம்மாவிடம் சொல். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் உனக்கு உண்மை தெரிந்துவிட்டது. அது போதாதா?

மாமா

---

ஜூலை 27

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பத்திரமாக இரு. விழா முடியும்வரையாவது உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது.

பாப்பாவுக்கு வந்த கடிதத்தைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். 'மாமா' என்று வந்த இடத்திலெல்லாம் சிரித்தாள். பொத்தான் வந்த இடத்தில் தாளை மடியில் வைத்துவிட்டேன். அவள் என் முகத்தைத் தடவினாள். முடித்ததும் தாளைத் தட்டி, "இன்னொண்ணு" என்றாள். அதனால் முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். ஒரே நாளில் இரண்டு முறை அதை நான் கேட்டுக்கொண்டேன், இரண்டு முறையும் என் வாயாலேயே.

நீ இப்படி எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வரியைக்கூட மறைக்கவில்லை. கடைசல்காரர் இரண்டு நாள் ஆகும் என்று சொன்னது எனக்கே இப்போதுதான் தெரியும். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன் மேல் இரக்கப்பட்டேன் என்றுகூடச் சொல்வேன்.

மறுநாள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, நீ யாரிடம் சொல்லியிருக்கிறாய் பார்த்தாயா? யாரிடமும் திருப்பிச் சொல்ல முடியாத ஒரே ஒருத்தியிடம். கேட்டுக்கொண்டு சிரிக்கிறவளிடம். அவளிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு உன் மனசு லேசாகிவிட்டதாம். அவளுக்கு உன்னை மன்னிக்கவும் தெரியாது, மன்னிக்காமல் இருக்கவும் தெரியாது. யார் அப்படி ஆக்கியது? உன் மகன் உனக்கு எதிரில்தானே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறான், அவனிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? நாற்பது வருடமாகத் தினமும் முகத்தைப் பார்க்கிறாயே, கடைசல்காரரிடம்?

உன் கடிதத்தைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்தேன். உன் மகனுக்கு ஒன்று நேற்றே தபாலில் போய்விட்டது. கடைசல்காரருக்கு ஒன்று. உன் விளம்பரக்காரருக்கு ஒன்று, அவர் மறுபடியும் கண் கலங்கட்டும். அது உன் கையெழுத்து, உன் சொந்த வார்த்தை. நான் ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை. கோபத்தில் செய்கிறேன் என்று யாராவது சொன்னால், ஆமாம், கோபத்தில்தான் செய்கிறேன். எனக்குக் கோபப்பட நாற்பது வருடம் பாக்கி இருக்கிறது.

விழாவுக்கு நாங்கள் வருகிறோம். வண்டி அனுப்பவேண்டாம், பஸ்ஸிலேயே வருவோம். பாப்பாவுக்கு ஜன்னல் ஓரம் பிடிக்கும். முதல் வரிசையில் எங்களுக்கு இரண்டு நாற்காலி போடச் சொல்.

மேடையில் நீ என்ன பேசுவது என்று யாரிடமும் எழுதி வாங்கவேண்டாம். இந்தக் கடிதத்துடன் உன் கடிதத்தின் அசலை வைத்திருக்கிறேன், அதையே படி. உன்னால் முடியாவிட்டால் மேடைக்குக் கீழே நான் இருப்பேன், என் கையில் ஒரு பிரதி இருக்கும். டீச்சராக இருந்தவள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படிக்க எனக்கு மைக் தேவையில்லை. எப்படியும் அன்றைக்கு அது அந்த மண்டபத்தில் படிக்கப்படும். உன் வாயால் படிக்கிறாயா, என் வாயால் கேட்கிறாயா, அது மட்டும்தான் உன் இஷ்டம்.

நீ படித்தால் தலைப்பில் ஒரே ஒரு திருத்தம். 'பாப்பாவுக்கு' என்று எழுதியிருக்கிறாய். அதை 'எல்லோருக்கும்' என்று மாற்றிப் படி.

அக்கா